கிட்டப்பார்வைக்கு எந்த லேசர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிட்டப்பார்வைக்கான லேசர் சிகிச்சை விளம்பரங்களில், ‘ஸ்மைல்’ முறை புதியது என்பதாலேயே எல்லோருக்கும் சிறந்தது என்பதுபோல் சொல்லப்படுவது சரியன்று. லாசிக் முறையில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மடலொன்றை வெட்டித் திறந்து, அடியிலுள்ள திசுவை எக்ஸைமர் லேசரால் செதுக்கி, மடலை மீண்டும் மூடுகிறார்கள். பெரும்பாலும் மறுநாளே பார்வை தெளிந்துவிடும் என்றாலும், மடலோடு நரம்பிழைகளும் அறுபடுவதால் சில மாதங்கள் கண் உலர்வு வாட்டக்கூடும். ஸ்மைலில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே வில்லை வடிவத் திசு உருவியெடுக்கப்படுவதால் இத்தொல்லை பொதுவாகக் குறைவு.

பழையது என்று ஒதுக்கப்படும் பி.ஆர்.கே. முறையில் மடலே கிடையாது; கருவிழியின் மேற்படலத்தை நீக்கிவிட்டு அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். மேற்படலம் மீண்டும் வளரும்வரை சில நாள்கள் எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும், கருவிழி சற்று மெல்லியதாக உள்ளவர்களுக்கும், முகத்தில் அடிபட வாய்ப்புள்ள குத்துச்சண்டை வீரர் போன்றோருக்கும் பல நேரங்களில் இதுவே பொருந்துகிறது.

கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோயின் அறிகுறி தெரிந்தால் பொதுவாக இம்மூன்றுமே கூடாது என்பதால், கருவிழியின் கனத்தையும் வளைவையும் அளப்பதற்கு முன்பே முறையை முடிவுசெய்வது தலைகீழ் வேலை. கிட்டப்பார்வையில் விழி நீண்டு விழித்திரையை இழுக்கிறது; சிகிச்சைக்குப் பின்னும் அந்த நீளம் மாறுவதில்லை. ஆகவே கடுமையான கிட்டப்பார்வை இருந்தவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தொடர வேண்டும் என்பதையும் விளம்பரங்கள் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்