மண்ணைப் புளிக்கவிடச் சொன்னவர்களுக்கு

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மண்பாண்டத் தொழிலுக்கு வந்த எங்கள் எல்லோர் சார்பிலும் இந்த நன்றி மடல்.

முதல் நன்றி மண் தந்தவருக்கு. தோண்டிய கட்டியை ஈரத்தோடு ஊறப்போட்டால் கரையாது, நன்றாகக் காய்ந்த கட்டிதான் தண்ணீரில் தானாக உதிரும் என்று சொன்னவர் நீங்கள். வடிகட்டிய மண்ணை ஈரச் சாக்குப் போட்டு மூடி, மாதக்கணக்கில் புளிக்கவிடவும் சொன்னீர்கள். சுண்டுவிரல் தடிமனுக்குத் திரித்து விரலில் சுற்றினால் வெடிக்காத மண் சக்கரத்துக்கு ஆகும். வேறு சோதனை எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

அடுத்து, சக்கரம் பழக்கிய ஆசானுக்கு. எங்களுக்கெல்லாம் பானையின் சுவரை உயர்த்துவதில்தான் ஆசை. நீங்களோ அடியை அழுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் நாலைந்து தடவை விரலை அழுத்தி ஓட்ட வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் அடி நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி கீறல் விழும். பல சமயம் அது சுட்ட பிறகுதான் கண்ணில் படும். ஆட்கள் சூளையைத் திட்டுவார்கள். தப்பு நடந்ததோ சக்கரத்தில்.

சூளை பார்த்த அக்காவுக்குத் தனி நன்றி. பானையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சில்லென்றிருந்தால் "இன்னும் ஈரம், ஏத்தாதே" என்பீர்கள். மிச்ச ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பானையைப் பிளக்கும். காற்றுக்குமிழிதான் வெடிக்க வைக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லும். பாவம், பெரும்பாலும் அது வீண்பழி. அந்த ஈரம் மெல்ல வெளியேறத்தான் தொடக்கத்தில் சில மணி நேரம் இளஞ்சூடு மட்டும். சுட்டு முடித்த பிறகும் அவசரம் ஆகாது. மண்ணோடு கலந்த மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், ஆறும்போது 573 டிகிரியை ஒட்டிச் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் சூளையைத் திறந்து குளிர்காற்றை விட்டால் முழுப் பானையும் கீறிக்கொள்ளும்.

கணக்கு பார்க்கக் கற்றுத்தந்த நண்பருக்கும் நன்றி. 20 பானை ஏற்றி 3 உடைந்தால், அந்த மூன்றின் விறகும் உழைப்பும் மீதி 17-இன் விலையில் ஏற வேண்டும். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் ராஜினாமா எழுதாதே என்றதும் நீங்கள்தான்.

மண் தந்தவரே, உங்கள் சல்லடை எங்களிடம்தான் இருக்கிறது. இந்தச் சூளை ஆறியதும் கொண்டுவந்து தருகிறோம்.