தெம்புராவுக்கு எந்த ஒயின்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பானிய உணவுக் கட்டுரை, பொரித்த பண்டங்களுக்கு பீர்தான் சரி, ஒயின் என்றால் மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. யோகோஹாமாவில் குடியிருக்கும் எனக்கு இதை அப்படியே விட மனம் வரவில்லை. உள்ளே இருப்பது இறாலா, பன்றியா என்பதைவிட, எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் ஒயினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறாலையோ காய்கறியையோ மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கு, மாவைக் குளிர்ந்த நீரில் பட்டும் படாமலும் கலக்குவார்கள். அதனால் பஜ்ஜியின் கனம் இல்லாமல் மெல்லிய மொறுமொறுப்பு வரும். இறால் தெம்புராவை உப்பில் மட்டும் தொட்டு, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறீர்களா? ஜப்பானின் யமனாஷியில் விளையும் கோஷூ திராட்சையின் வெள்ளை ஒயினைக் கேளுங்கள். வாசனை அடக்கமாக இருக்கும், புளிப்பு கூர்மையாக இருக்கும், கடைசியில் லேசாகக் கசக்கும். ஒரு மிடறு குடித்ததும் எண்ணெய்ப் பிசுக்கு விலகி, இறாலின் தித்திப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அதே இறாலைத் துருவிய முள்ளங்கி போட்ட தென்ட்சுயு என்ற தொட்டுக்கொள்ளும் சாற்றில் தோய்த்தால், அதிலுள்ள சோயாவும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் கோஷூவை அமுக்கிவிடும். அப்போது இனிப்பு எட்டிப்பார்க்கும் ரீஸ்லிங் வெள்ளை ஒயின் நல்லது.

மீனோடு சில ஒயின்களைக் குடிக்கும்போது கவிச்சி அடிப்பதற்கு நிறம் காரணமல்ல. மெர்சியன் என்ற ஜப்பானிய ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒயினில் கலந்திருக்கும் இரும்புதான் அதைக் கிளப்புகிறது என்று காட்டினார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இடம் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் தொன்கட்சு, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சித் துண்டு. பன்றி இறைச்சிதானே என்று துவர்ப்பு மிகுந்த கேபர்னே சாவின்யோன் சிவப்பு ஒயினைத் திறந்தால் வீண். பழமும் காய்கறியும் வினிகரும் சேர்ந்த தொன்கட்சுவின் கெட்டிச் சாஸின் இனிப்பு பட்டதும், ஒயினின் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தூக்கிக் காட்டும். இதற்கு ஏற்றது மஸ்கட் பெய்லி ஏ. ஜப்பானின் நீகாட்டாவில் கவகாமி ஸென்பெய் என்ற திராட்சைத் தோட்டக்காரர் 1927-ல் கலப்பினமாக உருவாக்கிய சிவப்புத் திராட்சை அது. துவர்ப்பு குறைவு, ஸ்ட்ராபெர்ரி மணம் உண்டு, சாஸோடு சண்டை போடாது. கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். சாஸைத் தவிர்த்து உப்பும் கடுகும் மட்டும் வைத்துக்கொண்டால், அதே பன்றி இறைச்சிக்குக் கோஷூவே போதும். இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதி இங்கே நிற்பதில்லை.

இஞ்சி, பூண்டு, சோயாவில் ஊறவைத்துப் பொரித்த கராகே கோழிக்கு நுரைக்கும் ஒயின் எதுவும் சரிதான். பீர் செய்யும் வேலையை அதன் குமிழிகளும் செய்யும், புளிப்பும் கூடவே கிடைக்கும்.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் கோஷூவுக்கும் மஸ்கட் பெய்லி ஏ-வுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானிய உணவைப் பற்றி எழுதும்போது அந்த ஊர் ஒயினை விட்டுவிடுவது நியாயமில்லை.

இப்படிக்கு,
வாசகர், யோகோஹாமா