மலையில் ஒரு சதவீதம்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாள் தூசியில் அலையாதே, தோட்டத்தை மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் நாங்களும் இன்னும் சில காலம் ஃபிளாக்ஸ்டாஃபில்தான்.

அரிசோனா பாலைவனமாயிற்றே, அங்கே ஏது பனி என்று கேட்டிருந்தாய். காலமெல்லாம் புவியியல் நடத்தியவன் நீ, விவரமாகவே சொல்கிறேன். இந்த ஊர் கொலராடோ பீடபூமியின் தெற்கு ஓரத்தில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் இங்கே பனி. வடக்கே, வீட்டு வாசலில் நின்றாலே தெரிவது சான் ஃபிரான்சிஸ்கோ மலை. கலிஃபோர்னியா நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்பானியப் பாதிரியார்கள் தங்கள் புனிதரின் பெயரை இதற்கு வைத்தார்கள். பழைய எரிமலை இது. ஒரு காலத்தில் இன்னும் உயரமான ஒற்றைக் கூம்பாக இருந்து, உச்சி சரிந்து, வடகிழக்குப் பக்கம் திறந்த ஒரு பெரிய பள்ளமாகிவிட்டது. இன்றைய சிகரங்கள் அதன் விளிம்புகள். அவற்றில் உயர்ந்த ஹம்ப்ரீஸ் 3,851 மீட்டர், மாநிலத்திலேயே உயரமானது.

1889-இல் மெரியம் என்ற இயற்கையியலாளர் இங்கே வந்து தங்கினார். கீழே வறண்ட புதர்க்காடு, அதற்கு மேல் ஜூனிப்பர், பிறகு பாண்டரோசா பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்கள், உச்சியில் மரமே இல்லாத தூந்திரம். மலை ஏறுவது வடக்கே கனடாவை நோக்கிப் பயணம் செய்வதற்குச் சமம் என்று அவர் கண்டதும், உயிர்ச்சூழல் மண்டலங்கள் என்று எழுதியதும் இந்தச் சரிவுகளை வைத்துத்தான். உச்சியில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சிறு செடி இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அதனால் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே பாதையை விட்டு விலகி நடக்கக் கூடாது.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது வேறு. இந்த மலை 13 பழங்குடியினருக்குப் புனிதமானது. நவஹோ மக்களின் நிலத்துக்கு எல்லையாக நிற்கும் நான்கு மலைகளில் இது மேற்கு மலை. வடகிழக்கே பாறை மேடுகளில் வாழும் ஹோப்பிகளுக்கு இது கச்சினாக்கள் என்ற ஆவிகளின் வீடு. குளிர்காலத்தில் ஊருக்கு வரும் கச்சினாக்கள் ஜூலை மாதச் சடங்கு முடிந்ததும் மலைக்குத் திரும்புகிறார்கள். மழை மேகங்கள் உச்சியில் திரளும் பருவமும் அதுதான். பாசனம் இல்லாமல் மானாவாரியாக மக்காச்சோளம் விதைக்கிறவர்களுக்கு அந்த மேகம் எவ்வளவு பெரியது என்று, கரிசல் காட்டில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே மலையின் மேற்குச் சரிவில் ஒரு பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறது. பனி போதாத வருஷங்களில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துச் செயற்கைப் பனி தூவ 2005-இல் வனத்துறை அனுமதி கொடுத்தது. நவஹோ, ஹோப்பி உட்படப் பல பழங்குடிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2007-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், 2008-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதைப் புரட்டிப் போட்டது, அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. 2012 கடைசியிலிருந்து தூவுகிறார்கள்.

2008 தீர்ப்பின் வாதம் என்னை இன்னும் உறுத்துகிறது. மைதானம் மலையில் ஒரு சதவீதம்தானாம். மலைக்குப் போக யாருக்கும் தடையில்லை, செடிக்கோ ஊற்றுக்கோ கெடுதல் இல்லை, பாதிக்கப்படுவது அவர்களுடைய மன உணர்வு மட்டும்தான், அது சட்டப்படி பெரிய சுமை ஆகாது என்றார்கள். நம் ஊர்க் கோயிலில் அபிஷேகத்துக்குச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து கொண்டுவந்து, ஒரு குடம்தானே, ஆய்வகச் சான்றிதழும் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நாம் கணக்கா பார்ப்போம்? அவர்களுக்கு மலை முழுசும் ஒரே உடம்பு. ஓரிடத்தில் பட்டது எங்கும் பட்டதுதான். இதை மன உணர்வு என்று தள்ளுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: இந்த ஊரின் குடிநீரில் ஒரு பகுதி நீண்ட காலமாக அந்த மலைப் பள்ளத்து ஊற்றிலிருந்து குழாயில் வந்திருக்கிறது. மலையிடமிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கழிவை மறு சரிவில் தூவுகிறோம். நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தவன்தான்.

எல்லாமே தோல்வி என்று நினைத்துவிடாதே. மலையின் கிழக்குப் பக்கம் நுரைக்கல் வெட்டும் சுரங்கம் ஒன்று இருந்தது. தண்ணீரில் மிதக்கும் எரிமலைக் கல், ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்க வாங்குவார்கள். பழங்குடிகளும் சூழலியல்காரர்களும் சேர்ந்து போராடியதில் 2000-இல் அரசு பணம் கொடுத்து அதை மூடவைத்தது.

நீயும் அண்ணியும் வருவதானால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள். ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும், பிற்பகல் இடிமழையும் அடங்கியிருக்கும். முட்டி வலிக்கு உச்சி ஏற வேண்டாம், பள்ளத்துக்குப் போகும் பாதை போதும். வந்து சேர்ந்த முதல் இரண்டு நாளும் நிறையத் தண்ணீர் குடி, உயரம் பழக வேண்டும். விசா தேதி கிடைத்ததும் எழுது.

அன்புடன்,
கணேசன்