பார்வையிழந்தோர் விளையாட நம் மண்டபங்கள் திறக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வையற்றோருக்கான முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் 1998-ஆம் ஆண்டு புதுடெல்லியில் நடந்தபோது, இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்று கோப்பையைக் கொண்டு வந்தது நம் தென்னாப்பிரிக்க அணி. அடுத்த கோப்பைக்கு 2002-இல் சென்னையில் நடந்த இறுதியாட்டத்திலும் நம்மவர்கள் களமிறங்கினார்கள். அப்படிப்பட்ட நாட்டில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பார்வையிழந்த ஒருவர் மாலையில் போய் விளையாட இடம் எங்கே என்று கேட்டால், எங்கள் வட்டாரத்துச் சங்கங்களில் ஒன்றாலும் விடை சொல்ல முடியவில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் தனிப் பள்ளி உண்டு. ஆட்டமும் பாட்டும் அவர்களுக்கு ஓரளவு கிடைத்துவிடுகிறது. என் கவலையெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வையை இழப்பவர்களைப் பற்றியது. நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு அரிது. என் அண்ணனும் அப்படித்தான் பார்வை இழந்தார். கிளினிக்கும் கோயிலும் தவிர வேறெங்கும் போகாமல் வானொலிப் பெட்டியோடு அவர் முடங்கிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், சனிக்கிழமை காலைகளில் டர்பன் கடற்கரையில் கட்டணமின்றி நடக்கும் ஐந்து கிலோமீட்டர் பார்க்ரன் ஓட்டத்துக்கு அவரை அழைத்துப் போகத் தொடங்கினேன். ஒரு குட்டைக் கயிற்றின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்கிறோம். வேகத்தை முடிவு செய்பவர் அண்ணன்தான். நான் கயிற்றை இழுத்தால் அவர் கால் தடுமாறும், ஆகையால் "இடப்பக்கம் வளைவு, முன்னால் மணல்" என்று வாயால் மட்டும் வழி சொல்லிக்கொண்டு போகிறேன். டோக்கியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற நம் நாட்டு வீராங்கனை லூசான் குட்சியும் இப்படி ஒரு வழிகாட்டியோடு ஓடியவர்தான்.

மண்டபத்துக்குள் ஆட ஏற்றது கோல்பால்; பந்தை எதிரணியின் கோலுக்குள் உருட்டுவதும், வரும் பந்தை ஒலி கேட்டுத் தடுப்பதும்தான் ஆட்டம். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான இந்த ஆட்டம் 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அணிக்கு மூவர்; பந்து 1.25 கிலோ எடை, உள்ளே மணிகள். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோடுகளைத் தடவி அறியும்படி தரையில் கயிற்றை வைத்து மேலே நாடா ஒட்டுகிறார்கள். எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டு ஆடுவதால், பழக்கத்துக்காக ஆடும்போது வீட்டாரும் அதே மறைப்பைக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம். பந்து உருளும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் நம் கூட்டங்களுக்குச் சற்றுக் கடினமான விதி.

பெருஞ்செலவு எதுவும் இதில் இல்லை. கல்யாணமும் காதுகுத்தும் இல்லாத வார நாட்களில் நம் கோயில் மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. தைப்பூசக் காவடிக்கு நீர்மோர் கொடுக்கவும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் ஓடி வரும் இளைஞர்களில் சிலர், வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். உண்மையான தடை போக்குவரத்துதான். பார்வையிழந்த முதியவர் ஒருவர் மினிபஸ் டாக்சியில் தனியே ஏறி இறங்குவது ஆபத்தானது என்பதால், அழைத்து வந்து திரும்ப வீட்டில் விடுவதற்கான ஏற்பாட்டைச் சங்கங்கள் முதலில் செய்ய வேண்டும்.

மண்டபம் தர முன்வரும் கோயில்களும் சங்கங்களும் தங்கள் பெயரையும், ஒதுக்கக்கூடிய நாளையும் தங்கள் நாளிதழுக்குத் தெரிவிக்குமாறு ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். எங்கள் பகுதியில் உள்ளவர்களை என் வண்டியில் அழைத்து வந்து விட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்