தடைக்காலத்தில் மறந்துபோன பாக்கி

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களுக்கு நினைவு அமைத்துத் தரும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துச் சில்லறைக்குக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. கணக்கு என் பொறுப்பு. போன வருடம் போனில் ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டேன். யாருக்கு எத்தனை கூடை சங்கரா, யார் பாக்கி, ஐஸ் யாரிடம் என்று வாயால் சொன்னாலே குறித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில். நானும் வீட்டுச் செலவைத் தவிர அதனிடம் எதுவும் பேசவில்லை. படகுகள் மீனோடு திரும்பிய முதல் விடியற்காலை, ஏலச் சத்தத்துக்கு நடுவே பழைய பாக்கியைக் கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை என்றது. போதாததற்கு, "இவர் ஐஸ் வாங்குவதில்லை" என்று என்னைப் பற்றித் தானாகவே ஒரு குறிப்பு வேறு எழுதிவைத்திருந்தது!

கணினி படிக்கும் தம்பி மகளிடம் காட்டினேன். "இது எபிங்ஹாஸ் மறதிக்கோடு மாதிரி இருக்கு அத்தை, கேட்காம விட்டா மங்கிடும்" என்றாள். எபிங்ஹாஸ் என்ற அந்த ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அவரே மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை. அவை மங்கட்டும். நெத்திலி வாங்கிப்போனவரின் பாக்கி அப்படியா?

2023இல் ஸ்டான்ஃபோர்டு, கூகுள் ஆய்வாளர்கள் 25 கணினிப் பாத்திரங்களை ஒரு கற்பனை ஊரில் உலவவிட்டார்களாம். அவற்றின் எந்த நினைவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டது, அவற்றைப் பேசவைக்கும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியேதான். பல் துலக்குவதற்கு 1. சரி, எங்கள் பாக்கிக்கு எத்தனை? அதை எங்களையே போடவிடுங்கள்.

எங்கள் அம்மா பாக்கி கேட்கும்போது தேதி சொல்லமாட்டார். "உன் பேத்திக்குக் காது குத்துன வாரம், மழையில நனைஞ்சிக்கிட்டு வந்து நாலு கிலோ வாங்குன" என்பார். எதிராளிக்கு மறுபேச்சு வராது. நடந்த சம்பவத்தின் நினைவு வேறு, பொது அறிவாகத் தங்கும் நினைவு வேறு என்று 1972இல் டல்விங் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினாராம். உங்கள் உதவியாளரோ இரண்டு மாதச் சம்பவத்தை என் நிரந்தர குணமாக்கிவிட்டது. நான் சொன்னதையும் அது ஊகித்ததையும் தனித்தனியாக வையுங்கள். ஊகத்துக்குப் பக்கத்தில், எந்தத் தேதியில் எதைப் பார்த்து எழுதியது என்றும் இருக்கட்டும். பருவத்துக்குப் பருவம் திரும்பிவரும் தொழிலில், இரண்டு மாதம் பேசாத விஷயம் செத்த விஷயமில்லை.

அப்புறம், அந்த ஐஸ் குறிப்பை அழிக்க எங்கே தட்ட வேண்டும்? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
காசிமேட்டுக் கணக்குக்காரி