வண்டி புறப்படுவதற்கு முன்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தீயணைக்கும் பிரிவிலிருந்து தீத்தடுப்புப் பிரிவுக்கு மாற்றலானதில் எனக்கு வருத்தமில்லையா என்று கேட்டிருந்தாய். முதல் சில வாரங்கள் இருந்தது. சைரன் ஒலிக்க வண்டி வெளியேறும்போது, நான் மட்டும் ஒரு கட்டட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனத்துக்குப் பாரமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஏன் என்பதை உனக்கு எழுத வேண்டும்.

சென்ற மாதம் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை ஆய்வு செய்யப் போனேன். பின்புற அவசர வழிக் கதவைத் திருட்டுக்குப் பயந்து சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். படிக்கட்டின் கீழே கூரைவரை அட்டைப்பெட்டிகள். அருகில் மாட்டியிருந்த தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியைவிட்டுக் கீழே இறங்கிக் கிடந்தது. தீ விபத்துகளில் சுடரைவிடப் புகையே அதிக உயிர்களைக் குடிக்கிறது என்பதை அணியில் இருந்தபோது கண்ணால் கண்டவன் நான். இப்படிப்பட்ட கதவின் முன்னால் மக்கள் எப்படிச் சிக்கிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். சங்கிலியை என் கண்ணெதிரே கழற்ற வைத்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன். அந்தக் கதவு திறந்ததால் காப்பாற்றப்படப் போகிறவர் யார் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை; இருந்தாலும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களையும் நான் முன்பு சரியாக மதித்ததில்லை. அழைப்பவர் பதற்றத்தில் முகவரியையே மறந்து அலறுவார். அவரை நிதானப்படுத்தி இடத்தைக் கேட்டறிந்து, வண்டியை அனுப்பிக்கொண்டே, 'வெளியேற முடியாவிட்டால் கதவைச் சாத்துங்கள், இடுக்கை ஈரத் துணியால் அடையுங்கள், ஜன்னலருகே நில்லுங்கள்' என்று விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். வண்டி வந்து சேரும்வரை, உள்ளே இருப்பவருக்கு அந்தக் குரல் ஒன்றுதான் துணை.

மீட்புப் பிரிவைப் பற்றி உனக்குத் தெரியும். நசுங்கிய வாகனத்திலும் வெள்ளத்திலும் அவர்கள் செய்வதை எல்லோரும் பார்க்கிறார்கள். யாரும் பார்க்காதது விசாரணைப் பிரிவின் வேலை. எல்லாம் எரிந்து ஆறிய பின், கீழே குறுகி மேலே விரிந்து செல்லும் கரித்தடத்தைச் சுவரில் தேடி, தீ எங்கே பிடித்தது என்று சாம்பலுக்குள் குனிந்து பார்ப்பார்கள். தளர்ந்த மின் இணைப்பு ஒன்றே காரணம் என்று அவர்கள் கண்டறிந்தால், அடுத்த ஆய்வில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பயிற்சிப் பிரிவும் அதையே பாடமாக்கும். பள்ளிகளுக்குச் செல்லும் விழிப்புணர்வுக் குழு அதையே எளிய சொற்களில் பிள்ளைகளுக்குச் சொல்லும்.

அக்குழு ஒருநாள் காட்டிய செயல்விளக்கத்தை நானும் நின்று பார்த்தேன். பற்றியெரியும் எண்ணெய்ச் சட்டியில் ஒரு கோப்பைத் தண்ணீரை நீண்ட கழியால் கவிழ்த்தார்கள். தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. எரியும் எண்ணெய் ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. பிறகு இன்னொரு சட்டியின் அடுப்பை அணைத்து, மூடியை மெல்ல நகர்த்தி மூடினார்கள், தீ அடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, 'இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும்' என்றாள்.

உன் குடியிருப்பிலும் பின்படிக்கட்டு இருக்கும் அல்லவா? இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இறங்கிப் போய், அதன் கதவு சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கிறதா என்று பார். பதில் எழுதும்போது அதை முதலில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்