நான்சி வெக்ஸ்லருக்கு: மாரகைபோ ஏரிக்கரை பற்றி

அன்புள்ள டாக்டர் நான்சி வெக்ஸ்லர் அவர்களுக்கு,

வணக்கம். ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயின் மரபணுவை நீங்களும் உங்கள் குழுவும் தேடிய கதையை எங்கே படித்தாலும் 1993-ல் முடித்துவிடுகிறார்கள். மரபணு கிடைத்தது, வெற்றி, அவ்வளவுதான். என் மனது நிற்பது அங்கே இல்லை, உங்கள் கையில் இருக்கும் ஒரு தழும்பில்.

இந்தக் கடிதத்தைத் தமிழில் படிப்பவர்களுக்காக முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1968-ல் லாஸ் ஏஞ்சலஸில் தெருவைக் கடந்துகொண்டிருந்த உங்கள் அம்மா லியோனோரைப் பார்த்து ஒரு போலீஸ்காரர், "காலையிலேயே இப்படிக் குடித்துவிட்டு வர வெட்கமாக இல்லையா?" என்ற மாதிரி அதட்டினார். அம்மா குடித்திருக்கவில்லை. நடை தள்ளாட ஆரம்பித்திருந்தது. அவருடைய அப்பாவையும் மூன்று சகோதரர்களையும் கொண்டுபோன அதே ஹன்டிங்டன் நோய். ஆண்களுக்குத்தான் வரும் என்று அதுவரை குடும்பம் நம்பியிருந்தது. உண்மையில் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கை கால் தானாக ஆடும், பேச்சு குழறும், யோசனையும் குணமும் மாறும். பெரும்பாலும் 30, 40 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், அதற்குள் அடுத்த தலைமுறை பிறந்துவிடும். உங்களுக்கு அப்போது 23 வயது.

வெனிசுவேலாவின் மாரகைபோ ஏரிக்கரையில் இந்த நோய் ஊர் ஊராக இருப்பதை அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே 1950-களிலேயே கண்டறிந்திருந்தார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். 1979-ல் நீங்கள் அங்கே போனீர்கள். 1981 முதல் இருபது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடமும் குழுவோடு போனீர்கள். பாரன்கீதாஸ், சான் லூயிஸ், தண்ணீருக்குள் கால் நட்ட வீடுகள் உள்ள லாகுனேதா. ரத்தமும் தோலும் கேட்டால் யார் உடனே கொடுப்பார்கள்? உங்கள் அம்மாவுக்கும் இதே நோய் என்று சொன்னீர்கள். அமெரிக்கர்களுக்குக்கூட இது வருமா என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போது செவிலியர் ஃபிடெலா கோமஸ் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஆராய்ச்சிக்காக நீங்களே தோல் கொடுத்த தழும்பை ஒவ்வொருவரிடமும் காட்டினார். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஆராய்ச்சியாளரும் நோயாளிகளின் வரிசையிலேயே நிற்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஒப்புதல் படிவம் சொல்லிவிடும்?

அந்த ரத்தம் பாஸ்டனில் மரபியலாளர் ஜேம்ஸ் குசெல்லாவின் ஆய்வகத்துக்குப் போனது. பல வருடம் ஆகும் என்று எல்லாரும் நினைத்த வேலை, 1983-லேயே மரபணு இருக்கும் இடமாக நான்காவது குரோமோசோமைக் காட்டிக்கொடுத்தது. அங்கிருந்து மரபணுவை எட்ட இன்னும் பத்து வருடம். சி-ஏ-ஜி என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்து அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய் நிச்சயம். எண்ணிக்கை கூடக்கூட சீக்கிரமே தொடங்கும். நீங்கள் தொகுத்த வம்சாவளியில் 18,000-க்கு மேற்பட்டவர்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுவர் நீளத்துக்கு அது ஒட்டப்பட்டிருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறேன். வட்டம் பெண், சதுரம் ஆண், கறுப்பு நிறைத்திருந்தால் நோய்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் பரிசோதனைக்கு வழி திறந்தவர் நீங்கள். ஆனாலும் நீங்கள் செய்துகொண்டீர்களா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல மறுத்துவந்தீர்கள். அது உங்கள் உரிமை. சிகிச்சை இல்லாத நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் உரிமைதான் என்று மரபணு ஆலோசகர்கள் இன்று சொல்வதற்கு உங்களைப் போன்றவர்களும் காரணம். 2020-ல் நீங்களே வெளிப்படையாகச் சொன்னீர்கள், உங்களுக்கும் நோய் வந்துவிட்டது என்று. படித்ததும் ரொம்ப நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. இதை மறைத்து வைக்கும் குடும்பங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அது உங்கள் மேல் இல்லை. இன்று உலகில் எந்த மூலையில் ஹன்டிங்டன் பரிசோதனை நடந்தாலும் அதில் அந்த ஏரிக்கரைக்காரர்களின் ரத்தத்துக்குப் பங்கு உண்டு. 1999-ல் மாரகைபோவில் நீங்களும் டாக்டர் மார்கரித்தா பார்ராவும் நோயாளிகளுக்காகத் தொடங்கிய காசா ஓகார் இல்லம் பிறகு மூடப்பட்டுவிட்டது. நாட்டின் பொருளாதாரமும் சரிந்தது. நாளை மரபணுவை அடக்கும் மருந்து ஒன்று வந்தால், அதன் விலை லாகுனேதாவில் மீன் பிடிப்பவருக்கு எட்டுமா? கம்பெனிகள் காப்புரிமைக் கணக்கைப் போடும்போதே இந்தக் கேள்வியையும் மேசையில் வைக்க வேண்டும். உங்கள் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு. இன்னும் ஒருமுறை கேளுங்கள் அம்மா. நாங்களும் கேட்கிறோம்.

மிகுந்த அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் வாசகர் ஒருவர்